தம்பி காருக்கு வைத்த குழாய்

காசிமேடு வழியாகப் போகும் பேருந்து, துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவனின் சட்டையெல்லாம் கிரீஸ்.

“வூட்டு மழத்தண்ணி பைப்ப அறுத்து என் தம்பி ரேஸ் கார்லயா மாட்டின?”

“அவன் ஓட்ற வண்டிய ஓனரு நம்ம ஷெட்டுக்கு அனுப்பிட்டாரு மே. இன்ஜினு அதோட சூட்டுக் காத்தையே இழுத்துகினு கெடந்துச்சு. பாதி ரேஸுல வேகம் கொறஞ்சி தொங்கிடும்.”

“காத்துல இன்னாய்யா சூடு, குளுரு?”

“சூட்டுக் காத்து லேசா கீது. குளுந்த காத்து கெட்டி. அது உள்ள போனாதான் பெட்ரோலு நல்லா எரியும், வண்டி சீறும். அதான் பம்பராண்ட பைப்ப வெச்சி வெளிக் காத்த நேரா உள்ள வுட்டேன்.”

“ஓடிச்சா?”

“நேத்து ரெண்டாவதா வந்தான். எறங்கி ஓடியாந்து, ‘மாமா’ன்னு என்னக் கட்டிகினான்.”

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

“நம்ம கல்யாணத்துலேர்ந்து மூஞ்சியத் திருப்பிகினு போறவன், மாமான்னா கூப்டான்?”

“ரெண்டு தபா கூப்டான் மே. அல்லாரும் பாத்துகினு இருந்தாங்க.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சோத்துக்கு வரச் சொன்னியா?”

“இன்னிக்கு நைட்டு வரேன்னான். அக்கா கையால வஞ்சரம் வேணுமாம்.”

பேருந்து இன்னும் நகரவில்லை. அவள் அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள்.

“எந்திரிய்யா. காசிமேடு மீன் மார்க்கெட்டு இங்கதான கீது, நடந்தே பூடலாம்.”