முதலாளி இல்லாத ஆப்பு

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறியதிலிருந்து எனக்கு அரைத் தூக்கம். எதிரே இருந்த பெண், "எங்க சர்வர் ரெண்டு நாளா எழுந்திரிக்கல" என்றாள். ஓட்டல் சர்வருக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

"போன்ல பாட்டு, படமெல்லாம் போட்டு வெக்கலாம், முதலாளியே இல்லாத ஆப்புன்னு பீத்திக்கினியே, அக்கா?" என்று பக்கத்துப் பெண் சிரித்தாள்.

"யார் வேணா கம்ப்யூட்டர் வெச்சு நடத்தலாம்டீ. ஆனா நாங்க அத்தனை பேரும் போய் ஒண்டினது அஸ்தினாபுரத்துல ஒரு அண்ணா வூட்டு கம்ப்யூட்டர்லதான். அதான் எங்க சர்வர், அது நின்னா எல்லாமே நின்னுடுது. செத்துப்போன எங்கப்பா பாடினது அதுல மட்டும்தான் கீது."

பீர்க்கன்கரணை ஏரி ஜன்னலோடு மிதந்து வந்தபோது அவள் போன் மினுங்கியது.

"அண்ணா சரி பண்ணிட்டாராம்!"

"இல்லாத முதலாளி வந்துட்டாரா?"

அவள் அப்பாவின் பாட்டைப் போனில் வைத்தாள். கிழவர் குரல் ரயிலோடு ஆடி ஆடி வந்தது. நான் இறங்க வேண்டிய தாம்பரம் வந்தும், பாட்டு முடியாததால் இறங்கவில்லை.