தெற்குப் பக்கம் நின்ற தூது

ஐயா, தேநீர் ஆறட்டும். எனக்குச் சூடாகக் குடித்துப் பழக்கமில்லை. வீட்டில் அக்காதான் ஆற்றித் தருவாள். அதனால் வந்த பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் தருவதற்கு முன், மனதில் கிடக்கும் பாவம் எதுவானாலும் வந்து சொல் என்றீர்கள். நேற்று முழுவதும் யோசித்தேன். என்னிடம் ஒரு பொய் இருக்கிறது. அதை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அது எந்த இடத்தில் வந்தது என்று தெரியாமல் உங்களால் அதை எடைபோட முடியாது. ஆகவே ஒழுங்காகச் சொல்கிறேன்.

நான் உங்களிடம் வந்தது வேதத்துக்காக அல்ல. அது உங்களுக்கே தெரியும். அரசாங்கக் கந்தோர் வேலைகளுக்குச் சிங்களம் இல்லாமல் நுழைய முடியாது என்று சட்டம் வந்த பிறகு, ஆங்கிலமும் கணக்குப் பதிவும் படித்தால் கொழும்பில் ஏதாவது கம்பனியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று அக்காதான் என்னை மருதனார்மடத்து மாலை வகுப்புக்கு அனுப்பினாள். அப்பா செத்த பிறகு தோட்டத்தை அம்மாவும் அவளும் பார்த்தார்கள். என்னை மண்வெட்டி தொட விடவில்லை. பகலில் சங்கக்கடையில் நிறுக்கும் வேலை, பின்னேரம் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் நடத்தும் வேதபாடத்துக்கு நான் இருந்துவிடுவேன். முதலில் உங்கள் ஆங்கிலத்தைக் கேட்பதற்காக இருந்தேன். பிறகு பாடத்துக்காக.

அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "என்னடா பஞ்சன், படிக்கப் போறியோ, வேதத்துக்குப் போறியோ?" என்று கேட்டாள். கடவுளின் கோபத்தைப் பற்றிப் படித்தோம் என்றேன். "உன்ரை கடவுளுக்குக் கோவம் வந்தா எங்கடை பிள்ளையாரட்டைச் சொல்லு. ரண்டு மோதகத்தைக் குடுத்துச் சமாளிச்சுவிடுவார்" என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அக்கா எதற்கும் சிரிப்பவள்.

தேவகோபம் பற்றிய அந்தப் பாடம் என்னைப் பிடித்துக்கொண்டது. மனிதனுடைய கோபம் போல அது ஏறி இறங்குவதில்லை என்றீர்கள். பாவத்தின் மீது அது எப்போதும் ஒரே அளவில் நிற்கிறது. தேங்காய் உடைத்தோ கற்பூரம் கொளுத்தியோ அதைத் திருப்ப முடியாது. இது எனக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் நேர்த்திக்கடன் வைப்பார்கள். பிறகு அது போதுமா போதாதா என்று பயப்படுவார்கள். நான் சிறு வயதிலிருந்தே எதையும் தீர்மானிக்க முடியாதவன். ஒரு காரியத்தின் இரண்டு பக்கத்தையும் நாட்குறிப்பில் எழுதி, பிறகு இரண்டையும் வெட்டிவிடுவேன். விலை பேச முடியாத ஒரு சட்டம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது, கால் வைக்க ஒரு கல் கிடைத்தது போல இருந்தது.

பாடத்தின் மற்றப் பாதி அடுத்த கிழமை என்றீர்கள். ஆனால் உங்களுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து வகுப்பு நின்றுவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை, ஐயா. ஒழுங்குக்காகச் சொல்கிறேன்.

வகுப்பு நின்றிருந்த நாட்களில் ஒரு பின்னேரம் சந்தைக்குப் பின்னால் அக்காவைக் கண்டேன். நாகலிங்கத்தின் லொறிக்குப் பக்கத்தில் நின்றாள். நாகலிங்கம் கொடிகாமத்துக்காரன். அங்கிருந்து தேங்காய் ஏற்றி வந்து, எங்கள் பக்கத்து வெங்காயத்தையும் மிளகாயையும் ஏற்றிப் போவான். கலியாணம் முடித்தவன், ஒரு பெண்பிள்ளையும் இருக்கிறது என்று சந்தை முழுவதற்கும் தெரியும். அக்கா அவனுடைய சட்டைக் கழுத்தில் ஒட்டியிருந்த தும்பு ஒன்றை எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான். ஆனால் அது முதல் தரம் செய்கிற கை இல்லை.

அவளிடம் கேட்டிருக்கலாம். அன்றிரவு சோறு போடும்போது, "என்னவோ கேக்கப் போறாய் போல கிடக்கு, கேளன்" என்று அவளே சொன்னாள். நான் ரசம் கேட்டேன்.

அதன் பிறகு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மிளகாய் நன்றாகக் காய்த்தது. பசு ஈன்றது. கிணற்றடியில் அக்கா பாடிக்கொண்டு உடுப்புத் தோய்த்தாள். நான் பாடத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று சந்தேகப்பட்டேன். அல்லது கோபம் இங்கே விழாமல் அங்கே, முடிவில்லாத இடத்தில், அவளுக்காகச் சேர்கிறதோ என்று பயந்தேன். எனக்கு அவளைவிட்டால் ஒருவரும் இல்லை, ஐயா. அவள் அங்கே எரிவதை நினைத்து நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறேன். இங்கேயே கொஞ்சம் பட்டுத் தீர்ந்துவிட்டால் நல்லது என்று செபித்தும் இருக்கிறேன்.

மாசியில் எங்கள் வளவுக்கு வேலி அடைத்தோம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழைய பனையோலைக் குவியலில் இருந்து ஓலை இழுத்த அக்கா, கையை உதறிக்கொண்டு எழும்பினாள். குவியலுக்குள் புடையன் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்ததை எல்லோரும் கண்டோம். அம்மா குழறி அழுதாள். பக்கத்து வீட்டுக் கமலாவதி மாமி ஓடி வந்து துணி கிழித்துக் கட்டினாள். எனக்கு மட்டும் ஆச்சரியமாக இருக்கவில்லை. எதிர்பார்த்த ஆள் வந்து படலையைத் தட்டியது போல இருந்தது.

எங்கள் பக்கத்தில் விஷகடிக்கு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரைக் கூப்பிடப் போகிறவனைத் தூது என்பார்கள். பரியாரியார் கடிபட்டவரைப் பார்க்க முதல் தூதைத்தான் பார்ப்பார். அவன் எந்தப் பக்கம் நிற்கிறான், கை என்ன செய்கிறது, வாயில் வரும் முதற்சொல் என்ன என்பவற்றை வைத்து, கடிபட்டவர் தப்புவாரா என்று தீர்மானிப்பார். தப்பமாட்டார் என்று தூது காட்டினால் அவர் எழும்பமாட்டார். மீறிப் போனால் கைராசி போய்விடும் என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. தெற்கில் நிற்கக் கூடாது, அது யமனின் திசை. புல்லோ சுள்ளியோ முறிக்கக் கூடாது. போவது, முடிவது என்ற சொல் முதலில் வரக் கூடாது. எங்கள் ஒழுங்கையில் விளையாடும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

மாமி தன் மகனை அனுப்பப் பார்த்தாள். அக்காதான் மறித்தாள். "உவன் பதறி எதையாவது உளறுவான். தம்பியை விடுங்கோ. தம்பிக்குத்தான் எல்லாம் ஒழுங்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கெதியா வாடா. பயமாக் கிடக்கு" என்றாள். அவள் பயமென்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

நான் கெதியாகத்தான் போனேன். வழியில் எங்கும் நிற்கவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டே இரண்டு பக்கத்தையும் யோசித்தேன். கடவுள் ஓங்கிய கையை மறிக்க நான் ஆர்? ஆனால் அது அவர் கைதானா? எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. ஆகவே அவரிடமே விட்டுவிடுவது என்று எண்ணினேன்.

ஏரம்புப் பரியாரியார் இணுவில் பக்கம் இருந்தார். வயது போனவர், விஷகடிக்கு ஒரு சதமும் வாங்காதவர். முற்றத்தில் கதிரையில் இருந்தார். நான் படலையைத் திறந்துகொண்டு போய் அவருக்குத் தெற்கே நின்றேன். வேலியில் இருந்து ஒரு காய்ந்த ஈர்க்கை எடுத்து முறித்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தூதின் முதற்சொல் வரும்வரை அவர்கள் கேட்கமாட்டார்கள்.

"போகப் போறா" என்றேன். பிறகுதான் பத்மாசினி என்று அக்காவின் பெயரைச் சொன்னேன்.

உங்கள் பாடத்துக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இந்தச் சகுனங்களில் நம்பிக்கை இல்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. நம்பாதவன் ஒரு முற்றத்தில் எந்தப் பக்கம் நின்றால் என்ன? கடவுள் அவளைக் காப்பாற்ற நினைத்தால், நான் தெற்கே நின்றது அவருக்கு ஒரு தடையா?

கிழவர் கனநேரம் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணைக் கசக்கினார். "மோனை, எனக்கு இப்ப கண் வடிவாத் தெரியிறேல்லை. நீ வந்ததை நான் காணேல்லை. வெளியிலை போய், படலையைச் சாத்திப்போட்டுத் திரும்ப ஒருக்கா வா" என்றார்.

அவர் தன் கட்டுப்பாட்டை எனக்காக மீறுகிறார் என்று விளங்கியது. கையில் இருந்த ஈர்க்கை அவர் பார்த்த பார்வையில் விளங்கியது. நான் வெளியே போய்ப் படலையைச் சாத்தினேன். திரும்ப வந்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன். சொன்னதையே சொன்னேன்.

அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "போ ராசா. கொம்மாவைப் பார்" என்றார்.

வீட்டில் நான் பொய் சொல்லவில்லை. தூது சரியில்லையாம், பரியாரியார் வரமாட்டாராம் என்று அம்மாவிடம் சொன்னேன். அது உண்மை. "கார் பிடிச்சுப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போவம், அக்கா" என்று மாமி அம்மாவைக் கெஞ்சினாள். "பரியாரியாரே கைவிட்ட பிறகு ஆசுபத்திரியிலை என்ன கிழிக்கப் போறாங்கள்? என்ரை பிள்ளையை அறுத்தெல்லோ தருவாங்கள். இஞ்சை கிடக்கட்டும்" என்றாள் அம்மா. புடையன் உடனே கொல்லாது, நேரம் கொடுக்கும். பெரியாசுபத்திரியில் ஊசி இருக்கிறது என்று நான் பத்திரிகையில் படித்திருந்தேன். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அக்காவின் பல்முரசில் இரத்தம் கசியத் தொடங்கியது. நான் பக்கத்தில் இருந்து அவளுடைய வாயைத் துடைத்தேன். மனந்திரும்ப அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்று, "அக்கா, சொல்ல ஏதும் கிடக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம், கிடக்கு" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். "இப்ப வேண்டாம். ஒரு நல்ல நாளிலை சொல்லுறன்."

மனம் கடினப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு அவள் கேட்டாள். "தம்பி, நீ சரியாத்தானே நிண்டனி?"

"ஓம்" என்றேன்.

அதுதான் அந்தப் பொய். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பிறகென்ன, விதி" என்றாள். விடிவதற்கு முன் போய்விட்டாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று நாகலிங்கம் வந்தான். பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, அம்மாவின் முன்னால் நிலத்தில் இருந்தான். அவனுடைய மனைவி போன பங்குனியில் முல்லைத்தீவில், தாய் வீட்டில், பிள்ளைப்பேற்றில் செத்துப்போனாளாம். சந்தையில் ஒருவருக்கும் சொல்லவில்லையாம். "வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிய வந்து உங்களைக் கேக்க இருந்தனான், அம்மா. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடப்பிடாதெண்டு பத்மாசினிதான் சொன்னவ. செத்தவளுக்கு மரியாதையாம்" என்றான். அம்மா அந்தப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அடுத்த கிழமை நீங்கள் சுகமாகி வந்து வகுப்பைத் தொடங்கினீர்கள். நான் முன்வாங்கில் இருந்தேன். மற்றப் பாதியைப் படிப்பித்தீர்கள். அந்தக் கோபம் முழுவதையும் ஒருவர் சிலுவையில் தன்மேல் வாங்கிக்கொண்டார் என்றீர்கள். மனிதருக்குத் தண்டனை கொடுக்கும் வேலை மனிதருக்கு இல்லை என்றீர்கள். பாம்பு கடித்தவனையும் இடி விழுந்தவனையும் பார்த்து, இவன் பாவி என்று சொல்லக் கூடாது என்றீர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். அன்று மட்டும் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உங்களுக்கு அது புதுமையாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அதில் எங்கோ ஒரு பிழை இருக்க வேண்டும். அது சரியென்றால் அந்த ஓலைக் குவியலில் கிடந்தது வெறும் பாம்பு. அது சரியென்றால், கிழவர் படலையைச் சாத்திவிட்டுத் திரும்ப வரச் சொன்ன அந்த நேரத்தில், அந்த முற்றத்தில் கோபம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அது வானத்திலிருந்து வந்ததல்ல. அப்படி இருக்க முடியாது. எனக்கு அக்காவின் மேல் கோபமே இல்லை. அவள் லொறியில் ஏறிக் கொடிகாமத்துக்குப் போய்விட்டால் எனக்கு ஆர் இருக்கிறார்கள் என்று நினைத்து அழுதிருக்கிறேன். அது கோபம் இல்லையே.

பொய்யை மன்னியுங்கள், ஐயா. ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்க முதல் எனக்கு இன்னுமொன்று தெரிய வேண்டும். நாகலிங்கத்தின் காரியம் பாவமில்லை என்றாகிவிட்டது. அதை வெட்டிவிட்டேன். அக்கா சின்ன வயதில் செய்தவை, பேசியவை, பிள்ளையாரை வைத்துச் சிரித்தது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்றும் போதுமானதாக இல்லை. நீங்கள் படித்தவர், நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவளிடம் ஏதோ ஒரு பாவம் இருந்திருக்க வேண்டும், ஐயா. இருந்தே ஆக வேண்டும்.