ஒன்பது பேர் சாப்பிடும் வீடு

“மத்த எட்டு பேரும் வெளிய போயிருக்காங்களா?” என்று அந்த அக்கா கேட்டார். “பரவால்ல, மெதுவா வரட்டும். சூடு ஆறாம துணி சுத்தித்தான் எடுத்துட்டு வந்திருக்கேன்.”

நான் மேசையைத் துடைத்து இடம் பண்ணிக் கொடுத்தேன். ஒன்பது டப்பாக்களை அவர் வரிசையாக அடுக்கினார். தலையில் ஒரு நீலத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் வீகன் சாப்பாடு செய்து வீட்டுக்கு அனுப்பும் ஒரே கடை அவருடையது. முதலாளியும் அவரே, சமையலும் அவரே. அன்றுதான் நான் அவரை முதன்முதலாக நேரில் பார்க்கிறேன்.

“நீங்கதானே எப்பவும் அஞ்சு ஸ்டார் குடுக்கறவங்க?”

“ஆமாக்கா.”

“உங்களால அவங்களுக்கு எடுத்துச் சொல்ல முடியலயாம்மா?” என்று சிரித்தார். “தப்பா நினைக்காதீங்க. சனிக்கிழமையோட கடைய மூடறேன். அதுக்குள்ள, குறை எழுதினவங்கள நேர்ல பார்த்து மன்னிப்பு கேட்டுடணும்னு ஒரு இது. அட்ரஸ் எடுத்துப் பார்த்தா எட்டு பேரும் இதே வீடு. அடேங்கப்பா, எவ்ளோ பெரிய குடும்பம்னு நினைச்சேன்.”

எங்கள் குடும்பம் பெரியதல்ல. அண்ணன், அண்ணி, நான். அவர்கள் இருவரும் அந்தக் கடைச் சாப்பாட்டைத் தொட்டதே இல்லை. நான் பாலும் முட்டையும் வெண்ணெயும் விட்டு மூன்று வருடமாகிறது. “உனக்கும் மாட்டுக்கும் அப்படி என்னடி சண்டை?” என்று அண்ணி முதல் நாளே கேட்டார். பிறகு தினமும், “வெண்ணெய் ஒரே ஒரு ஸ்பூன்தான் போட்டேன், போட்டதே தெரியாது,” என்பார். அந்த ஒரு ஸ்பூனிலிருந்து என்னைக் காப்பாற்றியது அக்காவின் கடை. அவருடைய காளான் சூப்பை முதல் முறை குடித்தபோது, மனிதர்கள் மொத்தத்தில் நல்லவர்கள் என்றுகூட எனக்குத் தோன்றியது. நான் அவருக்குக் கெடுதல் நினைக்கக்கூடியவள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் சாப்பாடு இருபது நிமிடத்தில் வந்துகொண்டிருந்தது. பிறகு யார் யாரோ அந்தக் கடையைக் கண்டுபிடித்தார்கள். இருபது நாற்பதாயிற்று; நாற்பது எழுபதாயிற்று. ஒரு வியாழக்கிழமை கைபேசியில் சாப்பாட்டு ஆப்பைத் திறந்தால் சுட்ட காலிஃபிளவரின் படம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தீர்ந்துவிட்டதாம். என் காலிஃபிளவரை முன்பின் தெரியாத யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நிலைமையில் நிதானமான எவரும் செய்திருக்கக்கூடியதைத்தான் நானும் செய்தேன்.

நான் ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மேசையில் ஆறு கைபேசிகள் இருக்கும். எட்டு வருடமாகப் புகார் கேட்டுக் கேட்டு, எந்தப் புகாரை ஜனங்கள் நம்புவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. கத்துகிறவரை யாரும் நம்புவதில்லை. முதலில் ஒரு பாராட்டு, பிறகு ஒரு தயக்கம், கடைசியில் ஒரு சின்ன விவரம். அவ்வளவுதான். “டப்பா அழகாக இருந்தது. சொல்லவே சங்கடமாக இருக்கிறது. சூப்பில் ஒரு நீள முடி.” இதை எழுத எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று.

ஆபீஸ் கைபேசிகள் ஆறு, அண்ணனுடையது ஒன்று, அண்ணியுடையது ஒன்று. இப்படி எட்டு பேர் உருவானார்கள். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர், இரட்டைக் குழந்தைகளின் அம்மா ஒருத்தி, ஒரு ஜிம் மாஸ்டர், இப்படி. சாப்பாடு வாங்கியவர்கள்தான் விமர்சனம் எழுத முடியும் என்பதால் ஒவ்வொருவர் பெயரிலும் வாங்கினேன். எல்லாம் என் வாசலுக்கே வந்தது. அது ஒரு தடயம் என்று எனக்குத் தோன்றவில்லை. வயிறு ஒன்றுதானே.

என் சொந்தப் பெயரில் மட்டும் தவறாமல் ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். அங்கே மனசாட்சியோடு நடந்துகொண்டது நான் ஒருத்திதான். ஜிம் மாஸ்டர் ஒருமுறை வரம்பு மீறி எழுதியபோது, “பெண்களிடம் இப்படியா பேசுவது?” என்று அவரைக் கண்டித்தும் இருக்கிறேன்.

நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. அக்கா ஒவ்வொரு புகாரையும் நம்பினார். சூப்பில் மிளகு அதிகம் என்று இரட்டைக் குழந்தைகளின் அம்மா எழுதினாள். அடுத்த வாரம் சூப்பில் மிளகே இல்லை. அந்த மிளகுக்காகத்தான் நான் அந்த சூப்பையே குடிப்பேன். மிளகு வேண்டும் என்று உடனே ஜிம் மாஸ்டரை விட்டு எழுத வைத்தேன். இருவருக்கும் பதினொரு நாள் வாக்குவாதம் நடந்தது. நியாயம் யார் பக்கம் என்று எனக்கே குழம்பிவிட்டது.

ஆனால் பலன் இருந்தது. எழுபது நிமிடம் முப்பதாயிற்று. போன மாதம் வெறும் பதினொரு நிமிடத்தில் சாப்பாடு வந்தது. அடுப்பில் வேறு யாருடைய சாப்பாடும் இல்லாததால்தான் அந்த வேகம் என்பது இப்போது புரிகிறது. அப்போது, கடை நன்றாக முன்னேறி வருகிறது என்றுதான் நினைத்தேன்.

“முடி கிடந்துச்சுன்னு மூணு பேர் எழுதியிருந்தாங்க,” என்றார் அக்கா. “எனக்கு இடுப்பு வரைக்கும் இருக்கும். வலை போட்டுப் பார்த்தேன், தொப்பி போட்டுப் பார்த்தேன். நாலாவதா ஒருத்தர் எழுதினப்ப, சரி, இந்தப் பேச்சே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

நீலத் துணியை அவிழ்த்தார். மொட்டைத் தலை. சமையலுக்கு உதவியாக இருந்த தம்பியும் மழித்துக்கொண்டானாம். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயமாம். அக்காவுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

“இருக்கட்டும்மா. எனக்கு அந்த ரயில்காரரைத்தான் பார்க்கணும். இதே காலிஃபிளவர சம்சாரம் செஞ்சா வேற மாதிரி இருக்கும், அவ போனதுக்கப்புறம் அந்த ருசியே கிடைக்கலன்னு எழுதியிருந்தாரே? அழுதுட்டேன். அந்த அம்மாவோட கைப்பக்குவம் வரணும்னு ஏழு தடவ மாத்தி மாத்திச் செஞ்சேன். ஒவ்வொரு தடவையும், ‘கிட்ட வந்துட்டீங்க, ஆனா அது இல்ல’ன்னே எழுதினாரு. இன்னைக்கு எட்டாவது. அவர் எத்தன மணிக்கு வருவாரு?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

“அவர் வரமாட்டார்க்கா. அது நான்தான்.”

“அவரோட சம்சாரம்?”

“அப்படி யாரும் இல்லக்கா. அவரே இல்லையே.”

“அப்ப அந்த ரெட்டப் புள்ளைங்க அம்மா?”

“நான்தான். எட்டு பேரும் நான்தான். முடியும் கிடக்கல, மிளகும் சரியாத்தான் இருந்துச்சு. உங்க கைக்கு ஈடே கிடையாதுக்கா. அதான் எழுதினேன்.”

அக்கா ஒன்பது டப்பாக்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அழவில்லை, திட்டவும் இல்லை. நீலத் துணியை மறுபடி கட்டிக்கொண்டு வாசல்வரை போய், கதவைப் பிடித்தபடி நின்றார்.

“என் தங்கச்சி அவ ஊர்ல கடைக்கு ஒரு சின்ன இடம் பார்த்து வச்சிருக்கா,” என்றார், என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல். “எனக்குத்தான் சமைக்கவே தெரியலையே, எதுக்குப் போகணும்னு விட்டுட்டேன். இப்பப் போகலாம் போல.”

அவருக்கு எவ்வளவு பெரிய தெம்பைக் கொடுத்துவிட்டோம் என்று நினைக்கையில் எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. பின்னாலேயே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, புதுக் கடைக்கு என்ன பேரு வைக்கப் போறீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்கக்கா. வேற ஒருத்தர் அங்க வராம நான் பார்த்துக்கறேன்.”