உள்பக்கக் கைப்பிடி

ஓசூரில் கார் கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டும் கடை தொடங்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது ஐயா. ஒரு பக்கம் சிப்காட், இன்னொரு பக்கம் அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு, நடுவில் நிலத்தை விற்றுக் கார் வாங்கியவர்கள். கார் வாங்கிய மறுநாளே அவர்களுக்கு வெயில் சுட ஆரம்பித்துவிடும். போன வருடம் வரை அதே வெயிலில் நின்று ராகி அறுத்தவர்கள்தான். “உள்ள யாரு இருக்காங்கன்னே தெரியக்கூடாதுப்பா” என்பார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதில் ஊருக்கு அக்கறை இருப்பதாக ஒரு நினைப்பு. ஒட்டிக் கொடுப்பேன். மூடனைத் திருத்துவது என் வேலையில்லை.

என் பெயர் பிரதாப். சொந்த ஊர் காவேரிப்பட்டினம். டிப்ளமோ படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தேன். அடுத்தவர் செய்த தவறைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. அதற்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஒருநாள் மேலாளரின் தவறையும் எல்லார் முன்னாலும் எடுத்துச் சொன்னேன். அதோடு வேலை போயிற்று. பெங்களூரில் ஒரு கடையில் ஃபிலிம் ஒட்டப் பழகிக்கொண்டு வந்து, பாகலூர் ரோட்டில் திம்மராயனோடு கூட்டாகக் கடை போட்டேன். இடமும் ஷெட்டும் அவருடையவை. கை என்னுடையது.

திம்மராயனை எல்லோருக்கும் பிடிக்கும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். மூன்றிலும் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. ஃபிலிமின் எந்தப் பக்கம் பசை என்று கண்டுபிடிக்கவே அவருக்கு நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். இளைப்பு நோய் வேறு. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். நாலு படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கும்.

ஃபிலிமை வெட்டுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. காகிதத்தில் கண்ணாடியின் அச்சை எடுத்து, மேசையில் போட்டு வெட்டலாம். பயந்தவர்கள் செய்வது அது. கம்ப்யூட்டரில் வண்டியின் பெயரைத் தட்டினால், ஒரு மிஷின் அளவாக வெட்டித் தள்ளிவிடும். கையில்லாதவர்கள் செய்வது அது. நான் ஃபிலிமைக் கண்ணாடியின் மேலேயே விரித்து, பிளேடை ஓரமாக வைத்து ஒரே இழுப்பில் வெட்டுவேன். அழுத்தம் ஒரு மயிரிழை கூடினால் கண்ணாடியில் கீறல் விழுந்துவிடும், குறைந்தால் ஃபிலிம் கிழியும். இதற்குக் கை வேண்டும். அந்தக் கை ஆயிரத்தில் ஒருவனுக்குத்தான் அமையும்.

கடை நன்றாகத்தான் ஓடியது. திம்மராயன் மட்டும் மிஷின், மிஷின் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெங்களூரில் ஒரு கடையில் அது வெட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, திருவிழாவில் ராட்டினம் பார்த்த பிள்ளை மாதிரி பேசினார். மிஷின் வந்தால் அவரும் நானும் ஒன்று. பொத்தானை அவரும் அழுத்தலாம்.

போன மாதம் பிரியதர்ஷினி என்று ஒரு அம்மா வந்தார். ஏதோ கம்பெனியில் அதிகாரி. அவருடைய காருக்கு நான்தான் ஒட்டியிருந்தேன். இந்த முறை அவர் தங்கையின் காரோடு வந்திருந்தார்.

“உங்க பார்ட்னர் ரொம்ப நல்ல மனுஷங்க. நான் கேக்கவே இல்ல, அவரே புதுக் கண்ணாடி மாத்திக் குடுத்துட்டாரு.”

“எதுக்குங்க மாத்தினாரு?”

“கோடு விழுந்திருந்துச்சுங்களே, உங்களுக்குத் தெரியாதா? வெயில்ல நிறுத்தினா ஓரம் பூரா தெரிஞ்சுது.” பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, “இந்தக் காருக்கு மேசையில வெச்சு வெட்டி ஒட்டிக் குடுப்பீங்களா?” என்றார்.

அவர் போனதும் திம்மராயனைக் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு உண்மையைச் சொன்னார். அந்த அம்மாவுக்கு மட்டுமில்லை, இன்னும் பலருக்கு மாற்றியிருக்கிறாராம். நான் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து அவர்களை வரச்சொல்வாராம்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“உனுக்கு மனசு நோவும்னுதான் தம்பி. யாருக்குத்தான் கை தப்பல? ஆய்து பிடு, அது முடிஞ்ச கத. மிஷினுக்குச் சொல்லிட்டேன், அடுத்த வாரம் வந்துடும். நீ ஒட்றத மட்டும் பாத்துக்கோ. பிளேட மட்டும் இனி கையில எடுக்காத, என்னா?”

என் தோளில் தட்டினார். சாந்தம்மா கடையிலிருந்து எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

அந்தக் கீறல்கள் என்னுடையவை இல்லை ஐயா. மலிவான பிளேடு வாங்கிப்போட்டது அவர்தான். வண்டிக்காரர்கள் மண்ணோடு துணி போட்டுத் துடைப்பார்கள். கண்ணாடியிலேயே குறை இருந்திருக்கலாம். காரணம் எத்தனையோ இருக்கும்போது அவர் என் கையைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு மன்னித்தும் விட்டார். அதுவும் நான் கேட்காமலேயே. பாகலூர் ரோட்டில் எத்தனை பேர் என்னைப் பார்த்து, பாவம் என்று நினைத்துக்கொண்டு போனார்களோ.

சில நாட்கள் அவரோடு பேசவில்லை. அப்புறம் ஒரு குவாலிஸ் வந்தது. கால் சென்டருக்கு ஆள் ஏற்றும் வண்டி. பழைய ஃபிலிமை உரித்துப் புதிதாகக் கருப்பு ஒட்ட வேண்டும். கதவுகளின் உள்பக்கப் பலகையைக் கழற்றினால்தான் கண்ணாடியின் அடிவரை ஃபிலிம் இறங்கும். அதோடு உள்பக்கக் கைப்பிடியும் வந்துவிடும். வழக்கமாக ஒரு கதவை மட்டும் கடைசிவரை கழற்றாமல் வைப்பேன். அன்று நாலையும் கழற்றி, கைப்பிடிகளை என் டப்பாவில் போட்டேன். பேட்டரி வயரையும் எடுத்துவிட்டேன், கண்ணாடியும் இறங்காது, ஹாரனும் அடிக்காது. அந்த வண்டியின் பின்கதவுக்கு உள்ளே கைப்பிடியே கிடையாது. மூக்கு சுவரைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தியிருந்தேன். பக்கவாட்டுக் கண்ணாடிகளில் புது ஃபிலிமை மதியத்துக்குள் ஒட்டி முடித்தேன். நல்ல கருப்பு. பின்கண்ணாடி பழைய பசையில் மங்கிக் கிடந்தது, அதன் வழியாகவும் உள்ளே ஒன்றும் தெரியாது.

பிறகு திம்மராயனைக் கூப்பிட்டேன். “அண்ணா, பின்கண்ணாடியில பழைய பசை நிக்குது. கொஞ்சம் சுரண்டிக் குடுக்கறீங்களா?”

பசையைக் கரைக்கும் மருந்தின் வாடை அவருக்கு ஆகாது. அந்த வேலையை அதுவரை நான்தான் செய்துவந்தேன். ஆனாலும் நான் பேசிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்தது.

“கோவம் போயிடுச்சா தம்பி?” என்றார்.

“போயிடுச்சுண்ணா.”

சட்டை நனையக்கூடாது என்று கழற்றி ஆணியில் மாட்டினார். உறிஞ்சும் மருந்தும் செல்போனும் அதன் பையிலேயே இருந்தன. அவற்றை நான் தொடவில்லை. பசை கரைக்கும் மருந்தைப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் கையில் கொடுத்தேன். அவர் ஏறியதும், “தூசி வரும்ணா, சாத்திக்கறேன்” என்றேன். “சாத்து சாத்து” என்றார். சாத்திவிட்டு வெளியிலிருந்து பூட்டினேன். பிறகு காற்றடிக்கும் கம்ப்ரசரைப் போட்டேன். அது ஓடினால் பக்கத்தில் நின்று பேசுவதுகூடக் கேட்காது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தட்டினார். முதலில் மெதுவாக, விருந்தாளி கதவைத் தட்டுவது மாதிரி. யாரோ தெரியாமல் பூட்டிவிட்டதாக நினைத்திருப்பார். பிறகு பலமாகத் தட்டினார். கண்ணாடியை உடைக்க உள்ளே ஒன்றுமில்லை. அந்தப் பாட்டிலும் தண்ணீர் தள்ளும் ரப்பர் கட்டையும் பிளாஸ்டிக் சுரண்டியும்தான் இருந்தன. காலால் உதைத்தார் என்று நினைக்கிறேன். வண்டி லேசாக ஆடியது. நான் மேசையில் ஒரு துண்டு ஃபிலிமை விரித்து, பிளேடால் வெட்டிக்கொண்டிருந்தேன். கோடு நேராகத்தான் வந்தது.

அந்த நேரத்தில் சாந்தம்மா டீ கொண்டுவந்தார். வண்டியை ஒட்டி நின்றார். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் திம்மராயன் இருந்தார்.

“திம்மண்ணா எங்க?” என்று கத்திக் கேட்டார்.

“பாகலூர் போயிருக்காரு.”

“சட்ட கெடக்குது?”

“வேற போட்டுனு போனாரு.”

திம்மராயனுடைய டீயையும் என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். இரண்டையும் குடித்தேன். வீணாகக்கூடாது.

வண்டி ஆடுவது நின்ற பிறகும் கம்ப்ரசரை நிறுத்தவில்லை. அவசரப்படுவது என் வழக்கமில்லை. அப்புறம் திறந்தேன். பின்சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வெளியே இழுத்துப்போட்டுக் கத்தினேன். சட்டைப் பையிலிருந்த உறிஞ்சும் மருந்தை எடுத்துவந்து வாயில் வைத்து அழுத்தினேன். ஊரே ஓடிவந்தது. ஆட்டோவில் என் மடியில்தான் கொண்டுபோனேன். அழுதேன்கூட. அது நடிப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்றார்.

ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை; நான் தெரியாமல்தான் பாகலூர் என்று சொன்னேன் என்று சாந்தம்மாவும் நம்பினார். வண்டியை வந்து பார்த்த உங்கள் ஆட்களும்தான். பூட்டு தானாக விழுந்திருக்கும் என்று அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். தொழிற்சாலையாக இருந்தால் அப்படிப் பரிசோதிக்கிறவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி ராஜாத்தி அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எப்படித் திட்டினாலும் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவர் திட்டவில்லை.

“பேப்பர்ல போட்டுக்கீறாங்க பாரு. வேலையாளோட கவனக்குறைவால சாவுன்னு. அத மனசுல வெச்சுக்காத சாமி. நீ வேணும்னா பண்ண? கை தப்பிடுச்சு. அவரு இருந்தாலும் இதத்தான் சொல்லுவாரு.”

ஆமாம், அவர் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மிஷினும் வந்து இறங்கிவிட்டது, அதை வைத்து நீயே கடையை நடத்து என்றும் அக்கா சொன்னார். பார்த்தீர்களா? புருஷன் எப்படியோ அப்படியே மனைவியும். நான் எழுந்து நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கைப்பிடிகளைக் கழற்றியது நான். அவருக்கு ஆகாத மருந்தைக் கையில் கொடுத்து உள்ளே ஏற்றியது நான். பூட்டியது நான். தட்டுவது கேட்டும் திறக்காமல் இருந்தது நான். ஒவ்வொன்றையும் யோசித்து, அளந்து செய்தேன். தூக்கில் போடுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் கவனக்குறைவு என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள். என் வேலையில் அப்படி ஒரு குறையை இதுவரை யாரும் சொன்னதில்லை.