சுக்கான் பிடிக்கிறவர்

இலங்கைக் கவர்னரின் வண்டியைப் பார்க்கப் பதுளைக் கச்சேரி ரோட்டில் கூட்டம் நின்றது. எனக்கு முன்னால் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும்.

“கவர்னர்ங்கிற பேருக்கு ஆதியில கப்பல்ல சுக்கான் பிடிக்கிறவர்னு அர்த்தமாம். வக்கீல் குமாஸ்தா சொன்னாரு,” என்றான் அவன்.

“நம்மள ஏத்திட்டு வந்த கப்பல்லயும் ஒருத்தர் பிடிச்சிருப்பாருல்ல?”

“மேல நின்னிருப்பாரு. கீழ அடைஞ்சு கெடந்த நம்மள அவருக்கு எங்க தெரிஞ்சுது?”

“அப்ப நாமதாங்க சொல்லணும். தொரையக் கேக்காம தோட்டத்த விட்டுப் போனான்னு என் தம்பிய ஜெயில்ல போட்டிருக்காங்களே.”

“வேணாம் புள்ள. அடிப்பாங்க.”

வண்டி வந்தது. எல்லோரும் குனிந்து கும்பிட்டார்கள். அவள் மட்டும் நிமிர்ந்து நின்று, தம்பியின் பேரைச் சொல்லிக் கூவினாள். வண்டி நிற்காமல் போய்விட்டது.

“கேட்டிருக்குமா?” என்றான் அவன்.

“நாளைக்கும் இந்த வழியாத்தான போவாரு,” என்றாள் அவள்.