சின்னத் துளையை அடையாளம் வைத்தது பற்றி

நான் மூளை அறுவைப் பிரிவில் உதவி மருத்துவர். வயது முப்பத்தாறு. பிரிவின் தலைமை மருத்துவர் என் மாமனார். அவர் வீட்டு மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். விசாரணை அலுவலர் கேட்டதன் பேரில் சொல்வதாவது:

இறந்தவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அவருக்கு வீங்கியிருந்தது. அதை அடைக்கும் முன், கன்னத்துக்குள் ஓடும் தமனியிலிருந்து மூளைக்கு மாற்றுவழி போட வேண்டும். அந்தத் தமனி எலும்புக்கு அடியில் மறைந்திருக்கும். மண்டையோட்டின் அடித்தளத்தில் நீள்வட்டத் துளையைக் கண்டு, அதற்கு முன்னால், வெளிப்பக்கமாகக் குடைந்தால் கிடைக்கும். முந்தின நாள் மண்டையோட்டு மாதிரியை வைத்து இதை அவருக்கு விளக்கினேன். “குழியைப் பார்த்து ஓட்டுன்னு ஊருக்கே சொல்லிக் குடுக்கிறவன் நான். நீங்களும் பார்த்து ஓட்டுங்க டாக்டர்” என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

மறுநாள் தலைமை மருத்துவர் எலும்பைத் திறந்து, மூளையுறையை விலக்கி, ஒரு துளையைக் காட்டி, இதுதான் நீள்வட்டத் துளை என்றார். அதன் வழியே மெல்லிய தமனி ஒன்று போவதை நுண்ணோக்கியில் பார்த்தேன். நீள்வட்டத் துளையில் போவது தடித்த நரம்பு. தமனி போவது அதற்குப் பின்னாலிருக்கும் சின்னத் துளையில். அதைச் சொல்லி, “இன்னும் கொஞ்சம் முன்னாடி பார்த்துடலாம் சார்” என்றேன். அறுவை அரங்கில் என்னை டாக்டர் என்றே அழைப்பவர் அன்று, “மாப்பிள்ளை, சாப்பாட்டு மேஜையில உங்க பேச்சைக் கேக்குறேன்ல, அது போதாதா?” என்றார். செவிலியர்கள் சிரித்தார்கள். அவர் குடைய வசதியாக உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டேன்.

அடையாளம் தப்பியதால் குடைந்த இடமும் பின்னால் தள்ளிப்போனது. துளைப்பான், பக்கவாட்டில் தெரிய வேண்டிய அந்தத் தமனியின் மேலேயே இறங்கியது. அதன் பிறகு பஞ்சை அடைத்து அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. அவர் மேஜையிலேயே இறந்தார்.

அதன் பிறகு தலைமை மருத்துவர் வெளியே வந்து, இறந்தவரின் மனைவியிடம், “அவருக்குப் பிறவியிலேயே ரத்தக்குழாய் அமைப்பு வேறம்மா, யார் கையாலயும் ஆகாது” என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, “நேத்து பொம்மையில காட்டும்போது அப்படிச் சொல்லலையே தம்பி” என்றார். ஸ்கேன் படத்தில் அவருடைய தமனி எல்லோருக்கும் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

இன்று காலை இங்கே புறப்பட்டபோது என் மனைவி, “சொல்றதைச் சொல்லுங்க. சொல்லிட்டு எங்கப்பா வீட்டுப் படி ஏறாதீங்க” என்றாள்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. ஒரே ஒரு திருத்தம்: முதலில் சொன்ன முகவரியை அடித்துவிடவும். சம்மனை என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பவும்.

(ஒப்பம்)
உதவி மருத்துவர்