நூற்றிப் பதினேழாம் படம்

— தில்லைநாதன் அண்ணை, முதல்ல இருங்கோ. மகள் எண்டு நீங்கள் காட்டுற இந்தப் படம், இந்த இன்ரநெற் பக்கத்தில வந்ததே பிழை. பிழை என்ர.

— சிவலட்சுமி எண்ட தங்கச்சிதான் இன்ரநெற்றில படம் போடுறது எண்டு சொன்னவை. நீங்களோ?

— ஓம், நான்தான். சுனாமிக் கடல் அடிச்ச கையோட துவங்கின வேலை. முகாமில தனிய நிக்கிற பிள்ளையளை ஒரு கமராவில எடுத்தம். ஆசுப்பத்திரியில... ஆரெண்டு தெரியாத உடம்புகளை மற்றக் கமராவில. நம்பரைக் கமராவே போடும். ரெண்டிலயும் ஒண்டு, ரெண்டு எண்டுதான் வரும்.

— சொல்லுங்கோ. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.

— கலக்கக் கூடாது எண்டு ரெண்டு ஃபோல்டர் வைச்சன். "இருக்கினம்" எண்டு ஒண்டு, "இல்லை" எண்டு ஒண்டு. தமிழிலதான் பேர். இஞ்ச என்ர கொம்பியூட்டரில நல்லா வேலை செய்தது. சீடியில குடுத்துவிட்டு வவுனியாவில இன்ரநெற்றில ஏத்தினால், அங்கத்தைச் சேர்வர் தமிழ் எழுத்தை எடுக்கேல்லை. ஒரு படமும் தெரியேல்லை. சனம் படம் எங்க, படம் எங்க எண்டு கத்துது.

— பிறகு?

— எல்லா லிங்கிலயும் ஃபோல்டர் பேரை ஒரேயடியா அழிச்சுப்போட்டு, படம் முழுக்க ஒண்டுக்குள்ள கொட்டினன். ஒரே நம்பர் வந்த இடத்தில பிந்தி விழுந்தது முந்தினதை அழிச்சுப்போட்டுது. முகாம் பிள்ளையளின்ர பக்கத்தில நூற்றிப் பதினேழு எண்டு கிடக்கிறது ஆசுப்பத்திரிப் படம், அண்ணை. நித்திரையில எடுத்தது எண்டு எல்லாரும் நினைச்சிட்டினம். உங்கட மகள்... நித்திரை கொள்ளேல்லை.

— தெரியும்.

— என்ன?

— மூண்டாம் நாள் நான்தான் கொண்டுபோய் மண்ணுக்குள்ள தாட்டனான். மனிசிக்குச் சொல்லேல்லை. கால் முறிஞ்சு கட்டிலில கிடக்கிறவளுக்கு என்னெண்டு சொல்லுறது? ஆரோ உங்கட பக்கத்தைப் பிறிண்ட் எடுத்து அவளின்ர கையில குடுத்திட்டினம். அண்டைக்குத்தான் கமலேஸ்வரி எழும்பி இருந்து சாப்பிட்டவள். போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு என்னைக் கலைச்சவள்.

— ஐயோ கடவுளே. நான் பாவி, அண்ணை.

— அழாதையுங்கோ. அந்தப் படம் அப்பிடியே கிடக்கட்டும். மாத்தாதையுங்கோ. அதைக் கேக்கத்தான் வந்தனான்.

— எப்பிடி அண்ணை விடுறது? நூற்றிப் பதினேழு எண்டு முகாமில உயிரோட ஒரு பிள்ளை நிக்குது. அதின்ர முகத்தை நான் அழிச்சுப்போட்டன். செம்மலையில இருந்து விமலேஸ்வரி எண்டொரு தாய் ரெண்டு தரம் வந்தவா. பக்கம் பக்கமாப் பாத்திட்டு, இல்லையெண்டு திரும்பிப் போனவா. அது அவாவின்ர பிள்ளையா இருந்தால்?

— இல்லாமலும் இருக்கலாம்.

— அதைத்தானே பாக்கவேணும். பழைய படம் கமராவிலயும் இல்லை, குடுத்துவிட்ட சீடியும் திரும்பி வரேல்லை. இண்டைக்கே முகாமுக்குப் போய்த் திருப்பி எடுக்கப்போறன்.

— போகாதையுங்கோ.

— உங்கட மனிசியின்ர துக்கம் விளங்குது, அண்ணை. அதுக்காக இன்னொருத்தியின்ர பிள்ளையை ஒளிக்கச் சொல்லுறியளோ?

— அந்தப் பிள்ளை இப்ப முகாமில இல்லை, தங்கச்சி. முகாமில இந்தப் படத்தின்ர நம்பரைப் பாத்துத்தான் அவளைக் கூப்பிட்டவை, வந்து என்ர விரலைப் பிடிச்சாள். மகள் எண்டு கையெழுத்து வைச்சிட்டன். வெளியில சைக்கிளில இருக்கிறாள்.